ஒரு கட்டத்தின் விலை

சில காலத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து நூலொன்றை வரவழைக்க விரும்பி, இணையத்தில் கட்டணப் படிவமொன்றை நிரப்ப அமர்ந்தேன். குடும்பப் பெயர் இன்றி அப்படிவம் நகர மறுத்தது. தமிழர் பலரைப் போல எனக்கும் குடும்பப் பெயர் இல்லை. தந்தையாரின் பெயரை இட்டேன். மாநிலம் எதுவெனக் கேட்டது. மாகாணத்தின் பெயரை எழுதினேன். ஈற்றில், காலஞ்சென்ற என் தந்தையாரின் பெயருக்கே பொதி வந்தது. அஞ்சலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி, அவருடைய மகன் நான் என விளக்கியே அதனைப் பெற்றேன்.

இக்கேள்விகள் எங்கிருந்து வந்தன?

1994 ஓகஸ்ட் 11ஆம் திகதி பிலடெல்பியாவிலிருந்த ஒருவர், நெற்மார்க்கட் என்னும் நிறுவனத்திடம் ஸ்டிங் என்ற பாடகரின் இறுவட்டை 12.48 டொலருக்கு வாங்கினார். அஞ்சற் செலவு வேறு. கடனட்டை இலக்கம் மறைகுறியாக்கப்பட்டு இணையவழியே சென்ற ஆரம்பகால விற்பனைகளுள் மிகவும் பேசப்பட்டது இதுவே. கருவி புதியது; கேள்விகளோ பழையவை. அஞ்சல்வழி, தொலைபேசிவழி வணிகத்தில் கேட்கப்பட்ட பெயரும் முகவரியுமே திரைக்கு இடம்பெயர்ந்தன.

முகவரி கேட்பதற்குப் பொருளை அனுப்புவதல்லாத இன்னொரு காரணமும் உண்டு. அட்டைக்கு உரியவர்தாமா வாங்குகிறார் என்பதைச் சோதிக்க, முகவரியிலுள்ள இலக்கங்களும் அஞ்சற் குறியீடும் வங்கியின் பதிவோடு ஒப்பிடப்படுகின்றன. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளிலேயே இம்முறை பெரிதும் வழக்கிலுள்ளது. வீட்டிலக்கமே இல்லாத நமது ஒழுங்கைகளை அது அறியாது.

தேவையற்ற ஒரு கட்டம் அமெரிக்கர்களையே இடறச் செய்த கதையும் உண்டு. பயண முன்பதிவு நிறுவனமான எக்ஸ்பீடியாவின் படிவத்தில் 'நிறுவனம்' என்றொரு கட்டம் இருந்தது. நிரப்பியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆயினும் வாடிக்கையாளர் சிலர் அதில் தமது வங்கியின் பெயரை எழுதி, தொடர்ந்து வங்கியின் முகவரியையே இட்டனர். முகவரிச் சோதனை பொய்த்தது, கொடுப்பனவு நின்றது. அக்கட்டத்தை நீக்கியதால் ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் டொலர் இலாபம் கூடியதாக 2010இல் செய்தி வெளியானது.

இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையிலேயே அவசியமா, முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதாதா என வடிவமைப்பாளரைச் சிந்திக்கச் சொல்கிறது. அந்த அறிவுரை நம்மவருக்கு மிகவும் பொருந்தும்.

கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவன் நான். காரணமின்றிக் கேட்டு, விடையை வற்புறுத்தினால், எதிரிலிருப்பவர் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்புவார். படிவமும் அவ்வாறே. அவர்கள் வங்கியின் பெயரை எழுதினார்கள். நான் தந்தையாரின் பெயரை எழுதினேன்.