ஆம்பூர் பிரியாணி வண்டியும் நூறாண்டுச் சட்டமும்

மதிய இடைவேளைக்குச் சற்று முன்பே ஆம்பூரின் ஷூ கம்பெனிகள் பக்கம் தள்ளுவண்டிகள் வந்து நின்றுவிடும். அண்டாவின் மூடியைத் தூக்கினால் சீரகச் சம்பா மணக்கும். பக்கத்துக் குண்டானில் கத்தரிக்காய்ப் பச்சடி, இன்னொன்றில் வெங்காயத் தயிர். அரை பிளேட் வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள்தான் இந்த வண்டிகளை வாழ வைப்பவர்கள்.

இந்தப் பிரியாணி ஆற்காடு நவாபின் சமையற்கட்டிலிருந்து வந்தது என்பார்கள் ஊரில். அது எப்படியானாலும், அதைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் தோலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் தொழில் பெருகியபோது, நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு மலிவாக, வயிறு நிறையச் சோறு தேவைப்பட்டது.

சட்டம் அந்தச் சோற்றை வெகுகாலம் இடைஞ்சலாகத்தான் பார்த்தது. 1920-ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டத்துக்குத் தெரு என்றால் போக்குவரத்துக்கான இடம். அதில் நிற்பது ஆக்கிரமிப்பு. 1939-இல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றுநோய் உள்ளவர் உணவைத் தொடக் கூடாது என்றது. அது நியாயமான விதி. ஆனால் தெருவில் விற்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோதன் சிங் வழக்கு அது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உரிமை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

2011-இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள் தள்ளுவண்டிக்காரரையும் பதிவு செய்யச் சொல்கின்றன. வண்டியில் உணவோ பாத்திரமோ படும் பரப்பு துருப்பிடிக்காத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், உணவை மூடி வைக்க வேண்டும், சமையலுக்குக் குடிநீரையே பயன்படுத்த வேண்டும். இந்தக் கடைசி விதி பாலாற்றங்கரையில் மற்ற ஊர்களைவிடக் கனக்கிறது. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக, 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. நிலத்தடி நீரைக் கெடுத்தது பெரிய தொழில்; நல்ல தண்ணீரைத் தேடிக் காசு கொடுக்க வேண்டியவர் வண்டிக்காரர்.

2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு, சான்றிதழ், விற்பனைக் குழு என்று ஒரு வழி போட்டது. குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் வண்டியை அப்புறப்படுத்தக் கூடாது. எந்த இறைச்சியை விற்கலாம் என்று அந்தச் சட்டம் பாகுபாடு பார்க்கவில்லை.

பாகுபாடு வேறு வழியாக வந்தது. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை. தலித்துகளும் முஸ்லிம்களும் நிறைந்த தொழிலாளர் ஊரில், கடைகளில் வெளிப்படையாக விற்கும் உணவு அது. எதிர்ப்பு கிளம்பியது. பந்தலுக்கு வெளியே மாட்டிறைச்சி பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்றன சில கட்சிகள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி நிர்வாகம் விழாவைத் தள்ளிவைத்தது.