தாதியும் பதிவேடும்

நோயுற்றவருக்குப் பணிவிடை செய்வதென்பது நம் நாட்டில் நெடுங்காலம் ஒரு தொழிலாக இருந்ததில்லை. அது உறவின் கடமைகளுள் ஒன்றாக, தாய்க்கும் பாட்டிக்கும் அத்தைக்கும் மருமகளுக்கும் உரிய வேலையாக, கூலியும் கணக்கும் இன்றி நடந்து வந்தது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டென்றால் அது மருத்துவச்சிதான். பெரும்பாலும் நாவிதர் குலத்தைச் சேர்ந்த அந்த அம்மாள், அகால வேளையில் அழைத்தாலும் வந்து பேறு பார்த்துவிட்டு, ஒரு முறம் தானியமும் ஒரு புடைவையும் வெற்றிலை பாக்கும் பெற்றுக்கொண்டு வாசல் வழியே திரும்பிவிடுவாள். அவளுடைய கைத்திறனைப் பரீட்சித்துச் சான்று கொடுக்க ஒரு சபை இருந்ததில்லை. அவள் கையால் ஒரு தாய் மாண்டால் கேட்பதற்கோ, அவளுக்கே ஓர் அநியாயம் நேர்ந்தால் காப்பதற்கோ ஒரு சட்டமும் இருந்ததில்லை.

உறவினர் சூழ வாழும் கிராமத்துக்கு அந்த ஏற்பாடு ஒருவாறு போதுமானதாக இருந்தது. ஆனால் மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும், பின்னர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும், தாயையும் பாட்டியையும் ஊரிலே விட்டுவிட்டுப் பிழைப்புத் தேடி வந்தவர்களாலேயே நிறைந்த திருப்பூரைப் போன்ற ஒரு தொழில் நகரம் உருவாகும்போது, படுத்தவனைத் தொட்டுத் தூக்குவதற்கு அந்நியர் ஒருவரின் கை வேண்டியிருக்கிறது. அந்தக் கைக்கு, செய்ய வேண்டியது இன்னது என்ற திட்டமும், இதுவரைதான் செய்யலாம் என்ற வரம்பும், தவறினால் பொறுப்பு யாருடையது என்ற சட்டமும் வேண்டியிருக்கின்றன. செவிலியர் தொழிலின் அஸ்திவாரங்கள் என்று இன்று பாடப்புத்தகங்கள் கற்பிக்கும் இம்மூன்றும் நம் மாகாணத்தில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாக உருப்பெற்றவை.

உறவு கைவிடும் இடம் ஒன்று உண்டு என்பதைக் கொங்கு நாடு பனியன் தொழில் வருவதற்கு முன்பே அறிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோயம்புத்தூரைப் பிளேக் நோய் மீண்டும் மீண்டும் தாக்கியது. அந்த நோயின் முன்னால் அன்பும் பாசமும் எம்மட்டும் நிற்கும்? அப்போது எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நகரில் இன்றும் இருக்கின்றன. தொற்று நோயாளியை அஞ்சாமல் அணுகவும், அணுகியவர் தாமே நோயைச் சுமந்து வெளியே கொண்டுபோகாமல் இருக்கவும், மன உறுதியோடு முறையான பயிற்சியும் தேவை என்ற உண்மையை அக்காலத்து ஜனங்கள் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டார்கள்.

பயிற்சி என்ற எண்ணம் முதலில் வேரூன்றியது சென்னையிலே. 1664ஆம் ஆண்டில் கோட்டைக்குள் கம்பெனியின் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய சிறு ஆஸ்பத்திரியே பிற்காலத்தில் அரசினர் பொது மருத்துவமனையாக வளர்ந்தது. 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1871இல் பொது மருத்துவமனையில் நான்கே மாணவியரைக் கொண்டு பயிற்சிப் பள்ளி ஒன்று ஆரம்பமாயிற்று. இதற்கிடையில், இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்திராத ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், இந்நாட்டு ராணுவ நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் கேள்விப் படிவங்களை அனுப்பி, வந்த பதில்களை அடுக்கி ஆராய்ந்து, இங்குள்ள ஆங்கிலச் சிப்பாய்களுள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் மடிகிறார்கள் என்பதையும், அவர்களைக் கொல்வது போரைவிடச் சாக்கடையும் குடிநீரும் நெருக்கமான குடியிருப்புமே என்பதையும் 1863இல் வெளிவந்த அரசுக் கமிஷன் அறிக்கையின் வாயிலாக உலகறியச் செய்தார். கிரிமியப் போரில் விளக்கேந்திச் சென்ற உருவத்தை நாம் போற்றுகிறோம். இந்தியாவுக்கு அவர் செய்த உபகாரமோ, நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் கண்டதை எழுத வேண்டும், எழுதியதைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்ற நியமத்தைத் தந்ததே.

வடார்க்காட்டில் இந்த நியமத்துக்கு உயிர் கொடுத்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1902இல் வேலூரில் ஆஸ்பத்திரியைத் திறந்த அவர், டாக்டர் ஒருவர் எத்தனை கெட்டிக்காரராயினும் அறுவைக்குப் பின்வரும் இருபத்துநான்கு மணி நேரத்தைக் காப்பவர் வேறொருவரே என்பதை உணர்ந்து, 1909இல் தாதியர் பள்ளியை ஏற்படுத்தினார். அந்நாட்களில் நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி அந்நிய ஆடவரின் உடலைத் தொட்டுத் துடைப்பதும், இரவெல்லாம் வெளியே தங்குவதும் ஊரார் வாய்க்கு அவலாயின; தீட்டென்ற எண்ணம் வேறு தடுத்தது. ஆகவே முதல் தலைமுறைத் தாதியருள் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியரும் மிகுந்திருந்ததில் வியப்பில்லை. அதே வேலூரில் 1946இல், டெல்லியில் தொடங்கிய அதே ஆண்டிலேயே, செவிலியர் கல்விக்குப் பல்கலைக்கழகப் பட்டம் ஏற்பட்டது.

சட்டத்தின் கதை தனியானது. தாதியரைப் பதிவுசெய்து சான்றளிக்க வேண்டும் என்ற கிளர்ச்சி இங்கிலாந்தில் எழுந்தபோது அதை எதிர்த்தவர்களுள் நைட்டிங்கேல் அம்மையாரே பிரதானமானவர் என்பது பலருக்கு ஆச்சரியமளிக்கும். குணத்தைப் பரீட்சை எழுதிக் காட்ட முடியாது என்பது அவர் அபிப்பிராயம். அவர் மறைந்த பிறகே, 1919இல், அங்கே பதிவுச் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணம் அதிகம் தாமதிக்கவில்லை. 1926ஆம் ஆண்டின் சென்னைத் தாதியர், மருத்துவச்சியர் சட்டம் ஒரு கவுன்சிலை நிறுவி, பயிற்சி பெற்றவர் பெயரை ஏட்டில் ஏற்றவும், ஒழுக்கம் தவறியவர் பெயரை அந்த ஏட்டிலிருந்து நீக்கவும் அதிகாரம் கொடுத்தது. திருப்பூரில் முதல் பனியன் ஆலை எழுந்ததாகச் சொல்லப்படும் 1925ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அது. 1947இல் இந்தியத் தாதியர் கவுன்சில் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில், போர் (Bhore) என்பவரின் தலைமையில் அமைந்த கமிட்டி வெளியிட்ட அறிக்கை, இத்தேசம் முழுவதற்கும் சுமார் 7,000 தாதியரே உண்டென்றும், 43,000 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இருக்கிறார்கள் என்றும் கணக்குக் காட்டியது. சட்டம் இருந்தது, அதற்கு உட்பட வேண்டிய ஆட்கள்தாம் போதவில்லை.

தொழிலாளருக்கென்று இரண்டு சட்டங்கள் 1948இல் இயற்றப்பட்டன. ஒன்று தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம். ஜனங்கள் அதை இ.எஸ்.ஐ. என்றே அறிவார்கள். தமிழ்நாட்டில் அது முதன்முதலாக 1955இல் கோயம்புத்தூரில் நடைமுறைக்கு வந்தது, பஞ்சாலைகள் அங்கே பெருகியிருந்தமையால். மற்றது தொழிற்சாலைச் சட்டம். அதன் 45ஆம் பிரிவு, 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டுமென்றும், 500 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் டாக்டரும் தாதியும் பொறுப்பேற்கும் ஆம்புலன்ஸ் அறை ஒன்று வேலை நேரமெல்லாம் திறந்திருக்க வேண்டுமென்றும் விதித்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்துவந்த தாதி, இந்தப் பிரிவினால் ஆலையின் வாசலுக்குள் வந்து சேர்ந்தாள்.

அங்கே அவள் காரியம் யாது என்பதைத் திருப்பூரில் அன்றாடம் நேரும் ஒரு விபத்தைக் கொண்டே விளக்கலாம். ஓவர்லாக் மெஷினிலோ பவர் டேபிளிலோ வேகமாகத் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் விரலில் ஊசி ஏறிவிடுகிறது. சில சமயம் நகத்தைத் துளைத்து உள்ளேயே ஒடிந்தும்விடுகிறது. ஏற்றுமதிக் கம்பெனிகளில் இதற்கென்று கண்டிப்பான ஒரு முறை உண்டு. ஒடிந்த ஊசியின் துண்டுகளைத் தேடியெடுத்து, முழு ஊசியாகச் சேர்த்துப் பார்த்து, உடைந்த ஊசிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் எண்ணும் நேரமும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே புது ஊசி கிடைக்கும். துண்டு குறைந்தால் அங்கே தைத்து அடுக்கிய துணியையெல்லாம் பிரித்துச் சோதிப்பார்கள். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் இரும்புத் துண்டு போய்விடலாகாது என்ற நியாயமான கவலையே அதற்குக் காரணம்.

அதே கவனத்தை விரலுக்குக் கொடுப்பதே பராமரிப்புத் திட்டம். தாதி முதலில் பார்க்கிறாள்: துண்டு உள்ளே நிற்கிறதா, விரல் மடங்குகிறதா, நுனியில் உணர்ச்சி இருக்கிறதா, அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி உண்டா, கர்ப்பமா, கடைசியாக டி.டி. ஊசி போட்டது எப்போது. பிறகு இன்னின்ன கவலைக்கு இடமுண்டென்று தீர்மானிக்கிறாள். அதன்பின் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிக் கட்டுகிறாள். ஆழத்தில் நிற்கும் துண்டைத் தானே பிடுங்காமல் எக்ஸ்ரேக்கு அனுப்புகிறாள். மறுநாள் கட்டைப் பிரித்து வீக்கமும் சிவப்பும் பார்த்து, முதல் நாள் எழுதியதோடு ஒப்பிட்டு, திட்டத்தை மாற்றுகிறாள் அல்லது முடிக்கிறாள். அமெரிக்க அறிஞர் ஐடா ஜீன் ஆர்லாண்டோ 1961இல் வெளியிட்ட நூல் முதலானவற்றால் உலகெங்கும் பரவிய செவிலிய முறையின் சாரம் இவ்வளவே: கண்டறிதல், தீர்மானித்தல், திட்டமிடல், செய்தல், செய்ததன் பயனை மதிப்பிடல். இந்த ஐந்தையும் எழுதி வைக்காவிட்டால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து அடுத்த தாதி வரும்போது, அந்தப் பெண் மீண்டும் முதலிலிருந்தே தன் கதையைச் சொல்ல வேண்டியவள் ஆகிறாள்.

அடுத்தது வரம்பு. 2019ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறக்குறைய நூறு பெண்களை விசாரித்தபோது, மாதவிலக்கு வலிக்காக ஆலையிலேயே பெயர் ஒட்டாத மாத்திரைகள் தரப்பட்டன என்றும், தந்தவர் வைத்தியப் பயிற்சி பெற்றவராய் இருந்தது அரிது என்றும் அவர்கள் கூறினார்கள். வலி என்று வந்தவளுக்கு மாத்திரை கொடுப்பது பார்வைக்கு இரக்கமான செய்கையே. ஆயினும் அவள் விழுங்கியது இன்ன மருந்து, இவ்வளவு அளவு, இத்தனையாவது தடவை என்று எங்கும் எழுதப்படாதபோது, அந்த இரக்கம் அவள் உடலை உற்பத்திக் கணக்குக்கு அடிமையாக்கும் உபாயமாகிவிடுகிறது. டாக்டரின் உத்தரவின்றி மருந்தைத் தொடங்காதிருப்பது எவ்வளவு தர்மமோ, உத்தரவு சந்தேகத்துக்கிடமாயின் திருப்பிக் கேட்பதும் அவ்வளவு தர்மம். டெல்லி மருத்துவமனை ஒன்றில் டைபாய்டு கண்டு படுத்திருந்த குழந்தைக்கு, எழுதிய மருந்துக்குப் பதிலாக மலேரியா மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தி, அதன் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட வழக்கில், ஊசி போட்டவர் எந்தக் கவுன்சிலிலும் பதிவு பெறாதவர் என்பது வெளிப்பட்டது. மருத்துவமனையே பொறுப்பென்று உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்து, குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சமும் பெற்றோருக்கு ஐந்து லட்சமும் வழங்கிய உத்தரவை உறுதிசெய்தது. 1926ஆம் ஆண்டின் ஏடு எதற்காக ஏற்பட்டது என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டுவதில்லை.

இன்னொரு வரம்பு கண்ணுக்குத் தெரியாதது. ஆலைத் தாதிக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளி. அவளிடம் ரகசியத்தைச் சொல்பவளோ விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண். நாள் தள்ளிப்போயிற்று என்று அவள் காதோடு சொன்ன செய்தி, மாலைக்குள் வார்டனுக்கும் சூப்பர்வைசருக்கும் எட்டிவிடுமானால், மறுமுறை அந்த அறைக்குள் ஒருத்தியும் நுழையமாட்டாள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டுமென்ற விதியை உலகத் தாதியர் சங்கம் 1953இல் வகுத்த நெறிமுறை முதல் எல்லா நெறிமுறைகளும் வற்புறுத்துகின்றன. பாசம் காட்டுவதிலும் அளவுண்டு: ‘அக்கா’ என்று அழைப்பவளுக்கு அக்காளாக இருக்கலாம், ஆனால் அவளிடம் கடன் வாங்குவதும், அவள் குடும்பச் சண்டையில் பஞ்சாயத்துக்குப் போவதும், அவளுக்கு மட்டும் வரிசையை முந்தவிடுவதும் தொழிலுக்கு ஒவ்வாதவை.

2023இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1947ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வைக்கப்பட்டது. ஆனால் திருப்பூருக்கு உரிய குறை அந்தச் சட்டத்தில் தீர்வதன்று. அது 500 என்ற எண்ணில் இருக்கிறது. 2020இல் தொழிற்சாலைச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றிய தொகுப்புச் சட்டமும் ஆம்புலன்ஸ் அறைக்கு அந்த எண்ணையே வைத்துக்கொண்டது. இந்த ஊரிலோ ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை: நிட்டிங் ஓரிடத்தில், சாயம் மற்றோரிடத்தில், காம்பேக்டிங் வேறிடத்தில், தையலும் காஜா பட்டனும் செக்கிங்கும் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு யூனிட்டுகளில் என்று வேலை சிதறிக் கிடக்கிறது. ஐம்பது பேர் வேலை செய்யும் யூனிட்டில் விரலில் ஏறும் ஊசிக்கு நீளம் குறைவதில்லை. குறைவது அதைப் பார்க்கும் கண்தான். ஆர்டரை இத்தனை துண்டாகப் பிரித்து, கடைசியில் ஒரே பெட்டியில் அடுக்கி அனுப்பத் தெரிந்த ஊருக்கு, ஒரே தெருவிலுள்ள பத்து யூனிட்டுகள் சேர்ந்து பதிவுபெற்ற தாதி ஒருவரை நியமித்துக்கொள்வது அரிய காரியமாகாது. அப்படிச் செய்வதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. கட்டாயம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதை முதலாளிகளின் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து தீர்மானிக்க வேண்டும்.