தூண்டில் இரை

தூண்டில் இரை என்பது தூண்டிலில் மீன் பிடிப்பதற்காக முள்ளில் கோக்கப்படும் உணவுப் பொருள் ஆகும். மண்புழு, சிறுமீன், தவளை, கோழிக்குடல், மாவு உருண்டை, மீன்சினை முதலியன இரையாகப் பயன்படுகின்றன. தமிழர் தூண்டிலை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருக்குறளின் ‘சூது’ அதிகாரம், சூதில் கிடைக்கும் வெற்றியை இரையென்று எண்ணித் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறது.

மீன்கள் இரையை அறியும் விதம்

மீன்கள் பார்வை, மணம், சுவை, நீரின் அதிர்வு ஆகியவற்றால் இரையை அறிகின்றன. விரால் போன்ற வேட்டை மீன்கள் பெரும்பாலும் அசைவைக் கண்டு பாய்கின்றன. கெளுத்தி மீன்கள் கலங்கிய நீரிலும் இரவிலும் இரை தேடுபவை. அவற்றின் மீசைகளிலும் உடலின் மேற்பரப்பிலும் சுவை அரும்புகள் உள்ளன. ஆகவே விராலுக்கு அசையும் இரையும், கெளுத்திக்கு மணம் மிகுந்த இரையும் ஏற்றவை. நல்ல இரை மணத்தைச் சிறிது சிறிதாக நீரில் கலக்க வேண்டும். அதே வேளையில் முள்ளிலிருந்து எளிதில் கழன்றுவிடவும் கூடாது. இரையைப் பக்குவப்படுத்தும் முறைகள் யாவும் இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்வதற்கானவையே.

தமிழ்நாட்டில் பயன்படும் இரைகள்

ஏரிகள் மிகுந்த மாவட்டங்களுள் திருவள்ளூரும் ஒன்று. அங்கே கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டு, 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. இது சென்னையின் குடிநீர்த் தேவைக்காகக் கட்டப்பட்டதாகும். ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுவதால், தூண்டில் போடுவோர் முன்னரே அனுமதி பெறுதல் வேண்டும். தமிழ்நாட்டின் நன்னீர் நிலைகளில் பின்வரும் இரைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

மண்புழு: எருக்குழி, வாழையடி போன்ற ஈரமான இடங்களில் தோண்டி எடுக்கப்படுகிறது. ஈரமண்ணுடன் கொட்டாங்கச்சியில் இட்டு நிழலில் வைத்தால் உயிருடன் இருக்கும். முள்ளை மறைத்துக் கோத்து, நுனியை நெளியவிடுவர். கெண்டை, கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை ஆகியவை இதற்கு அகப்படும்.

மாவு உருண்டை: தவிடு, கடலைப் புண்ணாக்குத் தூள், கோதுமை மாவு ஆகியவற்றை நீர் தெளித்துப் பிசைந்து செய்யப்படுகிறது. மாவு கட்டியாக இருந்தால் மணம் பரவாது, இளகியிருந்தால் கரைந்துவிடும். கட்லா, ரோகு ஆகிய மீன்களுக்குப் பண்ணைகளில் இடப்படும் தீவனமும் தவிடும் புண்ணாக்குமே என்பதால் அவை இவ்விரையை நாடுகின்றன.

கோழிக்குடல்: கெளுத்தி வகைகளுக்கு ஏற்றது. ஈயக்குண்டு கட்டி நீரின் அடியில் கிடக்கும்படி விடப்படுகிறது.

சிறுமீன், தவளை: விராலுக்குப் பயன்படுபவை. தக்கை கட்டி, நீர்ப்பரப்பில் அசையுமாறு விடுவர்.

மீன்சினை இரை

வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் வெள்ளை ஸ்டர்ஜன் என்னும் பெருமீனைப் பிடிக்கச் சாலமன் மீனின் சினை பயன்படுத்தப்படுகிறது. ஸ்டர்ஜனுக்குப் பற்கள் இல்லை. வாய்க்கு முன்னுள்ள நான்கு மீசைகளால் ஆற்றின் அடிமண்ணைத் தடவி, இரையை உறிஞ்சி விழுங்கும். முட்டையிட வரும் சாலமனின் முட்டைகளும் இறந்த உடல்களும் ஸ்டர்ஜனுக்கு இயற்கை உணவாகும்.

புதிய சினை மென்மையானது, முள்ளில் நில்லாது. எனவே உப்பு, சர்க்கரை, வெண்காரம் முதலியவற்றைத் தூவிப் பதப்படுத்துவர். அப்போது நீர் வடிந்து முட்டையின் தோல் உறுதிப்படும். பின்னர் மெல்லிய வலைத்துணியில் சிறு பொட்டலங்களாகக் கட்டி முள்ளில் கோத்து, ஈயக்குண்டின் உதவியால் ஆற்றடியில் இறக்குவர்.

இந்தியாவில் ஸ்டர்ஜன் இயற்கையாக வாழ்வதில்லை. சாலமன் குடும்பத்தைச் சேர்ந்த ட்ரவுட் மீன் ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியில் அறிமுகப்படுத்தப்பட்டது. அவலாஞ்சியில் 1907-இல் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது.

சுற்றுச்சூழல் விளைவுகள்

முள்ளில் கோக்கும் பொருள் நீரிலும் கரையிலும் எஞ்சுவதால் இரையின் தேர்வு பிற உயிர்களையும் பாதிக்கிறது.

சினையைப் பதப்படுத்தும் கலவைகள் சிலவற்றில் சோடியம் சல்பைட்டு சேர்க்கப்பட்டது. அத்தகைய சினையை உண்ட இளம் சாலமன் மீன்கள் இறப்பது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. பிடிக்க எண்ணிய மீனுக்கு அன்றி, அதே ஆற்றில் வளரும் வேறொரு மீனின் குஞ்சுகளுக்கு இரை நஞ்சாயிற்று.

வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பனியூழிக்குப் பின் இயற்கையான மண்புழுக்கள் இல்லை. தூண்டில்காரர்கள் கரையில் கொட்டிய மண்புழுக்கள் அங்கே பெருகி, காட்டு மண்ணின் இலைச்சருகுப் படலத்தை அழித்து வருகின்றன. உயிருள்ள சிறுமீன்களை ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வதும் அயல் இனங்களையும் நோய்களையும் பரப்பும். இந்தியாவுக்கு 1952-இல் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை பல நீர்நிலைகளில் பரவி, உள்நாட்டு மீன்களுடன் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. எனவே எஞ்சிய உயிர் இரையை நீரிலோ கரையிலோ விடாதிருப்பது நல்லது.

எஞ்சியுள்ள 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழியும் அபாயத்தில் உள்ளதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022-இல் அறிவித்தது. கனடாவின் பிரேசர் ஆற்றில் பிடிபடும் வெள்ளை ஸ்டர்ஜனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். எளிதில் கழற்றுவதற்காக எதிர்முள் இல்லாத தூண்டிலே அங்கு பயன்படுத்தப்படுகிறது.

தமிழ்நாட்டில் விராலுக்கும் இத்தகைய கவனம் தேவை. தாய், தந்தை விரால்கள் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும். அப்போது அருகில் வரும் எதனையும் தாக்கும். பசியின்றியே இரையைக் கவ்வும் அவ்வேளையில் அவற்றைப் பிடித்தால், காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.