கடலின் வெம்மையும் ஊவாவின் மழையும்

பதுளை, கடலைக் காணாத நகரம். ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருக்குச் சூறாவளி கரையோரத்தார் துன்பமென்றே தோன்றுதல் இயல்பு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலும் கடற்கரை ஊர்களின் பெயராலேயே நினைக்கப்படுகின்றன. ஆயினும் புயலுக்கு உயிரூட்டும் கடலின் வெப்பம், மலைநாட்டையும் எட்டும் ஆற்றலுடையது.

சூறாவளிக்குச் சைக்கிளோன் என்னும் பெயரைச் சூட்டியவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். கப்பற் குறிப்பேடுகளைத் திரட்டி அவர் காற்றின் சுழற்சியை ஆராய்ந்தார். சுழற்சி விளங்கிற்று, அதனை இயக்கும் ஆற்றலின் கணக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. 1969ஆம் ஆண்டில் கட்சுயுகி ஓயாமா, ஒரு புயலின் பிறப்பு முதல் தேய்வு வரை கணிப்பொறியின் துணைகொண்டு கணித்துக் காட்டினார். கடல் ஊட்டும் ஆற்றல் குன்றினால் புயலும் குன்றும் என்பது அதனாற் புலனாயிற்று. 1986ஆம் ஆண்டில் கெரி இமானுவேல், புயலை ஒரு வெப்ப இயந்திரமாக விளக்கினார்.

காற்று விரைய விரையக் கடல்நீர் மிகுதியாக ஆவியாகும். ஆவி மேலெழுந்து மேகமாகும்போது அதன் மறைவெப்பம் வெளிப்பட்டுக் காற்றை மேலும் விரைவிக்கும். மறுபுறம், அலைகளின் உராய்வு காற்றைத் தடுக்கும். கலக்கப்பட்ட ஆழ்நீர் மேலே வந்து கடற்பரப்பைக் குளிர்விக்கும். இந்த வரவு செலவை ஒருங்கே கணிப்பதற்காகவே, இன்றைய மாதிரிகள் பல கடலையும் வளிமண்டலத்தையும் இணைத்து நோக்குகின்றன.

புயல் கரையேறியதும் கடலின் வரவு அறுகிறது; காற்று தளர்கிறது. ஆனால் திரண்ட ஈரம் உடனே ஒழிவதில்லை. மலைச்சரிவுகள் அதனைத் தடுத்து உயர்த்த, பெருமழை கொட்டுகிறது. 2025 நவம்பர் 28ஆம் நாள் இலங்கையிற் கரையேறிய டிட்வா புயலில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவுகளால் பதுளை மாவட்டமும் பேரிழப்பைக் கண்டது.

மழையைக் கணித்தால் மட்டும் போதுமா? 2014 அக்டோபர் 29ஆம் நாள், புயலின்றிப் பெய்த மழையிலேயே, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடத்தின் அபாயம் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் தொழிலாளர் குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்துவந்தன. கடலில் தொடங்கும் கணக்கு, தோட்டத்து மக்களின் மொழியில் தக்க வேளையில் வரும் எச்சரிக்கையாகவும், அவர்கள் குடியேறத்தக்க உறுதியான நிலமாகவும் முடிதல் வேண்டும். அதுவே அந்த விஞ்ஞானத்தின் பயன்.