குப்பைமேட்டு கேசட்டும் மியூசியமும்: கேம் சேகரிப்பில் தரமா, எண்ணிக்கையா?

கேம் கலெக்‌ஷன் பற்றி யாரிடம் பேசினாலும் கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். நல்ல கேம் ஐம்பது இருந்தால் போதுமா, இல்லை கிடைக்கிறதையெல்லாம் வாங்கி அடுக்கணுமா? பெரும்பாலானவர்கள் யோசிக்காமலே "தரம்தாங்க முக்கியம்" என்று சொல்லிடுவாங்க. என் வீட்டு அலமாரி வரைக்கும் எனக்கும் அதே கருத்துதான். ஆனால் கடந்த நாற்பது வருஷத்து வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், எது தரம் என்று முடிவு பண்ணினது யார், எப்போது, எதுக்காக என்ற கேள்வி வந்துடுது. இந்த எபிசோடு அதைப் பற்றித்தான்.

புதைத்ததைத் தோண்டி எடுத்த கதை

அமெரிக்காவில் 1977-இல் அடாரி கம்பெனி விசிஎஸ் என்ற கன்சோலை வெளியிட்டது. பின்னாளில் 2600 என்ற பெயரில் பிரபலமானது இதுதான். கார்ட்ரிட்ஜை, அதாவது நம்ம ஊர் பாஷையில் கேசட்டை, மாற்றி மாற்றிப் போட்டு விளையாடலாம். ஆரம்பத்தில் அதுக்கு அடாரி மட்டும்தான் கேம் செய்தது. 1979-இல் அங்கிருந்து வெளியே வந்த புரோகிராமர்கள் சிலர் சேர்ந்து ஆக்டிவிஷனைத் தொடங்கினாங்க. ஒரு கன்சோலுக்கு அதைத் தயாரிக்காத கம்பெனியும் கேம் செய்யலாம் என்பது அதோடு நிலைபெற்றது. அப்புறம் கதவு முழுசாகத் திறந்துவிட்டது. ஓட்ஸ் விற்கிற குவாக்கர் கம்பெனிகூட ஒரு கேம் பிரிவு வைத்திருந்தது என்றால் பார்த்துக்கோங்க. கடை அலமாரி நிரம்பி வழிந்தது. பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து எது நல்லது, எது குப்பை என்று பிரிக்க வாங்குகிறவருக்கு வழியே இல்லை.

அந்த நேரத்தில் வந்ததுதான் "ஈ.டி." ஸ்பீல்பெர்க் படத்தை வைத்து, 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் செய்த கேம். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே புரோகிராமர் சுமார் ஐந்து வாரத்தில் அதை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. அடாரி சுமார் 40 லட்சம் கேசட் தயாரித்தது. பாதிக்கு மேல் விற்கவில்லை. 1983 செப்டம்பரில், விற்காமல் தேங்கின பல கேம்களின் கேசட்டுகளோடு சேர்த்து, நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொட்டி, மேலே கான்கிரீட்டும் போட்டு மூடினாங்க.

31 வருஷம் கழித்து, 2014 ஏப்ரலில், ஒரு ஆவணப்படத்துக்காக அந்த இடத்தைத் தோண்டினாங்க. சுமார் 1,300 கேசட் வெளியே வந்தது. அந்த ஊர் நிர்வாகம் அவற்றில் பலவற்றை ஏலம் விட்டு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. தோண்டி எடுத்த ஒரு ஈ.டி. கேசட் இன்று ஸ்மித்சோனியன் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உலகத்திலேயே மோசமான கேம் என்று பேர் வாங்கினது, ஒரு நாட்டின் வரலாற்றுப் பொருளாக உள்ளே போயிருக்கு. கேம் நல்லா இருக்குன்னு அதை எடுத்து வைக்கவில்லை. ஒரு தொழில் எப்படிச் சரிந்தது என்பதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, அதனால் எடுத்து வைத்தாங்க.

முத்திரை குத்தின தரம்

அந்தச் சரிவைப் பார்த்துப் பாடம் படித்தது நின்டெண்டோ. 1985-இல் என்இஎஸ் கன்சோலை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது உள்ளே ஒரு பூட்டுச் சிப் வைத்தாங்க. கேசட்டிலும் அதுக்கு ஜோடியான சிப் இருந்தால்தான் கேம் ஓடும். சிப் வேண்டுமென்றால் நின்டெண்டோவிடம் லைசென்ஸ் வாங்கணும். பெட்டியின் மேல் தர முத்திரை. அதோடு, ஒரு கம்பெனி வருஷத்துக்கு ஐந்து கேம்தான் வெளியிடலாம் என்ற விதி. எண்ணிக்கையைக் கட்டிப்போட்டால் தரம் தானாக வரும் என்பது கணக்கு.

ஒரு எஞ்சினியராக எனக்கு இந்த டிசைன் ரொம்பப் பிடிக்கும். ஆனால் எந்த விதிக்கும் ஒரு சந்து இருக்குமில்லையா? கொனாமி, அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரை உருவாக்கிக் கூடுதலாக இன்னொரு ஐந்தை வாங்கிக்கொண்டது. 1989-இல் வந்த டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ் அந்தப் பெயரில் வந்ததுதான். அந்த முத்திரையும் கேம் சுவாரஸ்யமாக இருக்கும் என்பதுக்கு உத்தரவாதம் இல்லை. கன்சோலில் ஒழுங்காக ஓடும், நின்டெண்டோவின் விதிகளுக்கு உட்பட்டது, அவ்வளவுதான். இங்கே தரம் என்ற சொல்லுக்கு "கட்டுப்பாடு" என்று அர்த்தம்.

பதினான்கு கேம்

அடுத்து நியூயார்க்குக்குப் போவோம். 2012 நவம்பரில் அங்கே இருக்கும் நவீனக் கலை அருங்காட்சியகம், மோமா, வீடியோ கேம் சேகரிக்கத் தொடங்குவதாக அறிவித்தது. முதல் பட்டியலில் 14 கேம்தான். பேக்-மேன், டெட்ரிஸ், மிஸ்ட், சிம்சிட்டி 2000, போர்ட்டல், ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் எல்லாம் அதில் இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சுமார் 40 வரை சேர்ப்பது நோக்கம். விளையாடுகிறவரும் மெஷினும் எப்படி ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள் என்ற வடிவமைப்பைத்தான் அவங்க பார்த்தாங்க. எவ்வளவு விற்றது என்பது அளவுகோலே இல்லை. முடிந்தால் சோர்ஸ் கோடையும் வாங்கி வைக்கணும் என்றும் விரும்பினாங்க. தரத்தை மட்டும் பார்த்துச் சேர்ப்பது என்றால் இதுதான் அதன் உச்சம்.

2013-இல் இன்னும் சிலவற்றைச் சேர்த்தாங்க. அதில் ஒன்று "யார்ஸ் ரிவெஞ்ச்", அடாரி 2600-க்காக 1982-இல் வந்தது. அதை எழுதினவர் யார் தெரியுமா? அதே ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. ஒரே மனுஷன், ஒரே கன்சோல், ஒரே வருஷம் வெளியான இரண்டு கேம். ஒன்றை மோமா சிறந்த வடிவமைப்பு என்று எடுத்துக்கொண்டது. இன்னொன்று குப்பைமேடு வழியாக ஸ்மித்சோனியனுக்குப் போனது. யார்ஸ் ரிவெஞ்சை மட்டும் வைத்திருந்தால் "திறமையான புரோகிராமர்" என்பதோடு கதை முடிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் ஐந்து வார டெட்லைன் அதே திறமையை என்ன பண்ணும் என்று தெரியுது. சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை!

எண்ணுகிறவர்களும் சீல் வைக்கிறவர்களும்

இப்போது தனிப்பட்ட சேகரிப்பாளர்கள் பக்கம் வருவோம். டெக்சாஸைச் சேர்ந்த ஒருவரிடம் 20,139 வீடியோ கேம் இருப்பதாக 2019-இல் கின்னஸ் பதிவானது. ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடினாலும், தினமும் எட்டு மணி நேரம் லீவே இல்லாமல் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஆகும். எண்ணிக்கை அந்த அளவுக்குப் போனால் விளையாடுவது என்பதே வேறு விஷயம் ஆகிவிடுகிறது.

"ஃபுல் செட்" என்று இன்னொரு வகை. வட அமெரிக்காவில் லைசென்ஸோடு வந்த என்இஎஸ் கேம்கள் 670-க்கு மேல். எல்லாவற்றையும் சேர்ப்பது லட்சியம். அதில் பலருக்குக் கடைசி வரை கிடைக்காதது "ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்". பண்டாய் கம்பெனி 1987-இல் கால் வைத்து ஓடுகிற ஒரு பாயோடு சேர்த்து வெளியிட்டது. சீக்கிரமே அந்தப் பாயை நின்டெண்டோ தன் வசம் எடுத்து, பவர் பேட் என்று பெயர் மாற்றி, கேமை "வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட்" என்று வெளியிட்டது. உள்ளே இருக்கிற கேம் ஏறத்தாழ ஒன்றேதான். பின்னது சல்லிசாகக் கிடைக்கும். முன்னதுக்குப் பல ஆயிரம் டாலர். அவ்வளவு பணமும் லேபிளுக்குத்தான்.

2021 ஜூலையில் சீல் உடைக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்ற கேம் அது, அபூர்வமே இல்லை. பிளாஸ்டிக் உறையும் அட்டைப் பெட்டியும் கசங்காமல் இருக்கு என்று கொடுத்த மதிப்பெண்ணுக்குத்தான் அந்த விலை. வாங்கினவர் அதைப் போட்டு விளையாடினால் மதிப்பு போயிடும். ஆக, தரம் என்ற ஒரே சொல் நின்டெண்டோவிடம் கட்டுப்பாடாகவும், மோமாவில் வடிவமைப்பாகவும், ஏலக் கடையில் அட்டைப் பெட்டியாகவும் இருக்கு. எண்ணிக்கை பக்கம் நிற்கிறவங்களை மட்டும் "குப்பை சேர்க்கிறாங்க" என்று சிரிப்பது நியாயமா?

நம்ம ஊர் கேசட் எந்தப் பட்டியலில் இருக்கு?

இந்தக் கேள்வி நம்மளையும் தொடுது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் இங்கே பல வீடுகளுக்கு வந்தது அசல் நின்டெண்டோ இல்லை. ஜப்பானில் ஃபேமிகாம் என்று விற்ற கன்சோலின் நகல்கள். கூடவே "9999 இன் 1" என்று போட்ட மஞ்சள் கேசட். மெனுவில் பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் உள்ளே இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய கேம்கள்தான். அதே கேம் வேற லெவலில் தொடங்கும், பெயர் மட்டும் மாறியிருக்கும். எண்ணிக்கையை வைத்து ஏமாற்றுவதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இருந்தாலும் அந்த விரல் விட்டு எண்ணக்கூடிய கேம்கள்தான் நம்ம தலைமுறைக்கு வீடியோ கேம் என்றாலே என்ன என்று சொல்லிக்கொடுத்தது. நாம "டேங்க் கேம்" என்று சொன்ன பேட்டில் சிட்டி, நாம்கோ 1985-இல் ஃபேமிகாமுக்காக வெளியிட்டது. சர்க்கஸ் சார்லியும் ஃபேமிகாமில் வந்ததுதான். இரண்டுமே அமெரிக்காவில் என்இஎஸ் கேசட்டாக வரவே இல்லை. அதனால், மேலே சொன்ன அமெரிக்க "ஃபுல் செட்"டை ஒருத்தர் முழுசாக முடித்தாலும் அதில் பேட்டில் சிட்டி இருக்காது. மோமா பட்டியலிலும் இல்லை. தேர்ந்தெடுக்கிறவர் நியூயார்க்கில் இருந்தால், திருநெல்வேலியில் எந்த கேமுக்காக அண்ணன் தம்பி சண்டை போட்டாங்க என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் தப்பில்லை. அதனால்தான் தேர்வை மட்டும் நம்பி வரலாற்றை விட முடியாது என்கிறேன்.

எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறவர்கள்

1997-இல் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா, மேம் என்ற எமுலேட்டரை வெளியிட்டார். பழைய ஆர்கேட் மெஷினின் ஹார்டுவேர் எப்படி வேலை செய்தது என்று கோடாக எழுதி ஆவணப்படுத்துவது அந்தத் திட்டத்தின் நோக்கம். விளையாட முடிவது அதன் பக்க விளைவு. அங்கே எந்த கேம் நல்லது என்று யாரும் கேட்பதில்லை. போர்டு கிடைத்தால், சிப்பைப் படித்து எழுதிடுவாங்க. இன்டர்நெட் ஆர்கைவ் 2015 ஜனவரியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எம்எஸ்-டாஸ் கேம்களை பிரவுசரிலேயே ஓட வைத்தது. அங்கேயும் அதே கொள்கை.

அவசரம் ஏன் என்றால், பொருள் காத்திருக்காது. 1987-இல் வந்த லெஜண்ட் ஆஃப் செல்டா கேசட்டுக்குள் சேவ் பண்ணினதைக் காப்பாற்ற ஒரு சின்ன பேட்டரி இருக்கு. அது தீர்ந்தால் சேவும் போச்சு. வீயூ, 3டிஎஸ் இரண்டின் ஆன்லைன் கடையும் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. டவுன்லோடாக மட்டும் வந்த கேமை இனி புதிதாக வாங்க வழியில்லை. அதே வருஷம் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக விற்பனையில் இல்லை. நூலகத்தில் இருக்கிற பழைய கேமை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பார்க்க அனுமதி கேட்டாங்க. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதையும் மறுத்துவிட்டது.

அப்போ என் முடிவு என்ன? விளையாடுவதுக்காகச் சேர்க்கிறீங்கன்னா தரத்தைப் பாருங்க. இடமும் நேரமும் பணமும் அளவுதான். பத்து கேமை முழுசாக முடிப்பது, ஆயிரத்தைத் தூசி தட்டுவதைவிட நல்லது. வரலாற்றுக்காகச் சேர்க்கிறவங்க தரம் பார்க்கக்கூடாது. எது முக்கியம் என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது. 1983-இல் அடாரிக்கும் தெரியவில்லை. மோமா 14-ஐத் தேர்ந்தெடுக்க முடிந்ததுக்கே காரணம், அதுக்கு முன்னால் யாரோ தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்ததுதான்.

கடைசியாக ஒன்று. உங்க வீட்டுப் பரணில் பழைய கேசட் ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடுவதுக்கு முன் லேபிளையாவது ஒரு போட்டோ எடுத்து வையுங்க. முடிந்தால் மெனுவையும். போலி கேசட்டைக்கூடத் திறந்து, உள்ளே இருக்கும் டேட்டாவைப் படித்து ஆவணப்படுத்துகிற ஆர்வலர்கள் இருக்காங்க. 9999-இல் உண்மையிலேயே எத்தனை இருந்தது, நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்ன விளையாடினாங்க என்று நாளைக்கு யாராவது எழுத உட்கார்ந்தால், அவங்களுக்கு அந்த மஞ்சள் கேசட் தேவைப்படும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.