துளையின் அளவு

1940 கோடையில் இங்கிலாந்து வானத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. ஸ்பிட்ஃபயர் விமானிகள் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்டைத் துரத்திப் போனார்கள். குறி கிடைக்கும் நேரத்தில் அது மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்தது. இவர்களும் அப்படியே கவிழ்ந்தபோது, ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின் திணறி ஒரு கணம் அணைந்தது. எதிரியின் என்ஜினோ இருமக்கூட இல்லை. எப்படி?

மெர்லினில் இருந்தது கார்புரேட்டர். மிதவை வைத்த சின்னத் தொட்டியிலிருந்து காற்று பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். விமானம் கவிழ்ந்ததும் பெட்ரோல் தொட்டியின் மேல்பக்கம் ஏறிவிடும். முதலில் வறட்சி, அடுத்த நொடி வெள்ளம். ஜெர்மானியரின் டெய்ம்லர் பென்ஸ் என்ஜினில் ஒரு பம்ப் பெட்ரோலை அளந்து அளந்து சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சியது. அதற்குத் தலைகீழும் நேரும் ஒன்றுதான். போரின் நடுவே அப்படியொரு பம்ப்பைப் புதிதாக உருவாக்கப் பிரிட்டனுக்கு அவகாசம் இல்லை. அப்போதுதான் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண், துளையிட்ட உலோக வட்டு ஒன்றோடு புறப்பட்டார்.

அவர் பியட்ரிஸ் ஷில்லிங். நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றிய பொறியாளர். 1941இன் தொடக்கத்தில் சிறு குழுவோடு விமானத்தளம் விமானத்தளமாகப் போய், பெட்ரோல் வரும் வழியில் அந்த வட்டைப் பொருத்தினார். ஏதோ ஒரு வாஷரைப் போட்டுச் சமாளித்தார் என்று இந்தக் கதையை லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். அவருடைய திறமை முழுவதும் நடுவிலிருந்த துளையின் அளவில் இருந்தது. என்ஜின் முழுச் சக்தியில் ஓடும்போது எவ்வளவு குடிக்குமோ, சரியாக அவ்வளவு மட்டும் உள்ளே போகவேண்டும். கூடினால் வெள்ளம், குறைந்தால் சக்தி போச்சு. அந்தக் கணக்கு பலித்தது, வெள்ளம் நின்றது. ஆனால் பீய்ச்சும் வித்தை அப்போதும் ஜெர்மனியிடமே இருந்தது.

போர் முடிந்தபின் அந்த வித்தை தரைக்கு இறங்கியது. 1954இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல் அதை வைத்துக்கொண்டு உலகை மிரட்டியது. ஆனால் அதன் இயந்திரப் பம்ப் விலை உயர்ந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், என்ஜின் சுழன்று ஓயும்வரை பெட்ரோலைப் பீய்ச்சி என்ஜின் எண்ணெயைக் கெடுத்தது. பம்ப்பின் முரட்டுக் கைக்குப் பதிலாக மின்சாரம் அளந்து ஊற்றினால் என்ன என்று அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் நினைத்தது.

நினைப்பு அருமை, காலத்தைத்தான் முந்திவிட்டது. 1957இல் 'எலக்ட்ரோஜெக்டர்' என்று ஆரவாரமாக அறிவித்தார்கள். 1958இல் கிரைஸ்லர் குழுமத்தின் 35 கார்களில் அது ஏறியது. என்ஜின் அறையின் வெப்பத்தை அன்றைய மின்னணுப் பாகங்கள் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுப் பழைய கார்புரேட்டரையே மாட்டினார்கள். காப்புரிமைத் தாள்கள் கைமாறின. வாங்கியது யார்? போர்க்காலத்தில் பீய்ச்சும் பம்ப் செய்த அதே ஜெர்மானிய நிறுவனம், போஷ்.

அதற்குள் டிரான்சிஸ்டர்கள் தேறிவிட்டிருந்தன. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாடுகள் கழுத்தைப் பிடித்தன. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் போஷின் 'ஜெட்ரானிக்' வந்தது. விரல் நீளக் குழாய், உள்ளே கம்பிச்சுருள், நுனியில் ஊசி. மின்சாரம் பாய்ந்தால் ஊசி மயிரிழை உயரம் எழும், நின்றால் அடைந்துகொள்ளும். எவ்வளவு நேரம் திறந்திருந்ததோ அவ்வளவு பெட்ரோல். 1985இல் பிறந்த மலேசியாவின் புரோட்டோன் சாகாவில் இன்னும் கார்புரேட்டர்தான் இருந்தது. அடுத்த பத்தாண்டில் அந்தக் குழாய் இங்கும் வந்து சேர்ந்தது. வந்ததும் ஜொகூர் இளைஞர்களின் கைகள் சும்மா இருக்கவில்லை.

ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றிய 'ஹாஃப் கட்' கார்களின் டர்போ என்ஜின்கள் புரோட்டோன்களுக்குள் குடியேறின. ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், ஆற்றையும் செம்பனைத் தோட்டங்களையும் ஒட்டிக் கிடக்கும் கோத்தா திங்கியிலும் அந்த ஆசை புகுந்தது. இலக்கு 300 குதிரைத்திறன் என்றால், பட்டறை மேசைமேல் ஷில்லிங்கின் அதே கேள்வி வந்து உட்கார்ந்தது: துளை எவ்வளவு பெரிது? அந்தக் குழாய்க்குப் பட்டறையில் பெயர் இன்ஜெக்டர்.

டர்போ என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 300க்கு 81 கிலோ. நான்கு சிலிண்டருக்குப் பங்கிட்டு, இன்ஜெக்டர் 80 விழுக்காட்டு நேரத்துக்கு மேல் திறந்திருக்கக்கூடாது என்று ஒதுக்கினால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 590 சிசி ஊற்றவேண்டும். சிறியதைப் போட்டால் முழு மிதியில் பெட்ரோல் வறண்டு பிஸ்டனில் ஓட்டை விழும். மிகப் பெரியதைப் போட்டால் சிக்னலில் நிற்கையில் நுணுக்கமாக அளக்க முடியாமல் என்ஜின் தடுமாறும். கையில் கிடைத்ததோ மிட்சுபிஷி ஈவோவின் 560 சிசி. முப்பது குறைந்தது.

தூக்கி எறியவேண்டியதில்லை. பெட்ரோல் அழுத்தத்தை 3 பாரிலிருந்து 3.5க்கு ஏற்றினால், அழுத்தத்தின் வர்க்கமூலம் கூடும் கணக்கில், அதே துளை 605 சிசி ஊற்றும். அதோடு முடியவில்லை. ஈவோவின் இன்ஜெக்டர் சுருளுக்கு மின்தடை குறைவு. அதோடு வரும் ரெசிஸ்டர் பெட்டியையும் சேர்த்து மாட்டாவிட்டால், இன்ஜெக்டரை இயக்கும் கணினி கருகிவிடக்கூடும். பெட்டியையும் மாட்டி, நான்கு இன்ஜெக்டர்களையும் கண்ணாடிக் குழாய்களின் மேல் வரிசையாக நிறுத்தி, பட்டறை போர்மேன் பீய்ச்சவிட்டார். மூன்று குழாய்களில் பெட்ரோல் ஒரே கோட்டில் நின்றது. நான்காவது அரை விரல் தாழ்ந்திருந்தது. அதைக் கழற்றி, மறுபடி கழுவப் போட்டார்.