எடைக்குப் போடாதீர்கள்

1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் ஒரு பிரதிகூட இன்று கிடையாது. மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944) பிரதி தங்கியதால் பிழைத்தது. அதனால்தான் நம் வீட்டு டிவியிலும் பார்த்தோம்.

2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றது. திருட்டு சிடியைத் தேட அவசியமில்லாத விலை. தஞ்சாவூரில் நாங்களும் பழைய படங்களாக வாங்கிச் சேர்த்தோம். 2018-இல் அந்த நிறுவனமே கலைப்புக்குப் போய்விட்டது. வாங்கிய சிடிகள் அலமாரியில் இருக்கின்றன.

இப்போது செல்போனிலேயே படம் வருகிறது. வசதிதான். ஆனால் உரிமக் காலம் முடிந்தால் படம் அங்கிருந்து போய்விடும். சந்தா கட்டியவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. சிடியும் ஒருநாள் கெடும். என்றாலும் நாலு வீட்டில் நாலு பிரதி இருந்தால் ஒன்றாவது தங்கும். பழைய சிடிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.